எலும்பு எப்படி நீள்கிறது? வளர்ச்சி, வகைகள், செல்கள்: ஒரு விவாதம்

#1 வினாக்குறி

வணக்கம். செவிலியர் படிப்பில் முதலாண்டு படிக்கிறேன். உடற்கூறியல் வகுப்பில் இப்போது எலும்பு நடக்கிறது. பெயர்களை எப்படியாவது உருப்போட்டுவிடுவேன். எனக்கு இடிப்பது அடிப்படையில்.

தசை வளர்வதும் தோல் வளர்வதும் புரிகின்றன. இரண்டும் மென்மையானவை; செல்கள் பெருகினால் விரிந்து இடம் கொடுக்கும். சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் ஏறி இறுகிவிட்ட எலும்பு எப்படி நீளும்? உள்ளே இருக்கும் செல் பிரிந்தாலும் அதற்கு நகர இடமே இல்லையே?

இரண்டாவது ஐயம். பாடக்குறிப்பில் ஒரு பக்கம் "பருவ வயது முடிந்ததும் எலும்பு வளர்ச்சி நின்றுவிடும்" என்கிறது. மறுபக்கம் "எலும்பு வாழ்நாள் முழுவதும் புதுப்பிக்கப்படுகிறது" என்கிறது. எது சரி?

மூன்றாவது: பிறக்கும்போது ஏறத்தாழ 300 எலும்புகள், வளர்ந்த பிறகு 206. மீதி எங்கே போயின?

#2 செங்காந்தள்

உங்கள் முதல் கேள்வியை 18ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் கேட்டு, விடையையும் கண்டுபிடித்துவிட்டார். இங்கிலாந்தைச் சேர்ந்த பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். தாவரங்களில் நீரோட்டத்தை அளந்ததற்காகப் பெயர் பெற்றவர். வளர்ந்துகொண்டிருந்த ஒரு கோழிக்குஞ்சின் கால் எலும்பில் அரை அங்குல இடைவெளியில் இரண்டு சிறு துளைகளை இட்டார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது எலும்பு ஓர் அங்குலம் நீண்டிருந்தது. துளைகளுக்கு இடையிலான தூரம் அதே அரை அங்குலம்தான். 1727இல் வெளியான தம் நூலில் இதை எழுதியிருக்கிறார். ஆக, எலும்பின் நடுப்பகுதி நீளவே இல்லை. நீளம் முழுவதும் முனைகளில் சேர்கிறது. இறுகிய எலும்புக்குள் செல் பிரிந்து இடம் தேட முடியாது என்று நீங்கள் நினைத்தது முற்றிலும் சரி. அதனால்தான் உடல் அந்த வழியை விட்டுவிட்டு, நீளும் வேலையைக் குருத்தெலும்பிடம் கொடுத்திருக்கிறது. குருத்தெலும்பு மென்மையானது, உள்ளிருந்தே பெருக்கும்.

கருவில் கை, கால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பு வடிவமாகவே உருவாகின்றன. ஏறத்தாழ எட்டாம் வாரத்தில் தண்டின் நடுவில் எலும்பாக்கம் தொடங்கி இரு பக்கமும் பரவுகிறது. முனைகளில் இரண்டாம் நிலை எலும்பாக்க மையங்கள் பிறகுதான் தோன்றும். பெரும்பாலானவை பிறந்த பின்னரே. தொடை எலும்பின் முழங்கால் முனையில் உள்ள மையம் மட்டும் பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே தோன்றிவிடுகிறது. இந்த இரண்டு எலும்பாக்கப் பகுதிகளுக்கும் நடுவே, குருத்தெலும்பு ஒரு மெல்லிய தகடாக மிஞ்சி நிற்கிறது. அதுதான் வளர்ச்சித் தட்டு.

அந்தத் தட்டை நுண்ணோக்கியில் ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்க முடியாது. முனைப் பக்கம் ஓய்வில் இருக்கும் செல்கள் சிதறிக் கிடக்கும். அடுத்து, தட்டையான செல்கள் எலும்பின் நீளவாட்டத்தில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். பிரிதல் நடப்பது இங்கேதான். அதற்கும் கீழே செல்கள் பிரிவதை நிறுத்திவிட்டுப் பருமனாகின்றன. ஒவ்வொன்றும் தன் பருமனைப் பல மடங்கு கூட்டிக்கொள்கிறது. எலும்பு நீள்வதில் பெரும் பங்கு செல் பிரிவதற்கு என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் செல்கள் இப்படிப் பருமனாவதன் பங்குதான் அதிகம். பிறகு அவற்றைச் சுற்றிய பகுதியில் சுண்ணாம்பு ஏறுகிறது. தண்டுப் பக்கத்திலிருந்து இரத்தக் குழாய்கள் துளைத்துக்கொண்டு வருகின்றன. அவற்றோடு எலும்பாக்கும் செல்களும் வந்து, மிஞ்சிய குருத்தெலும்புச் சுவர்களின்மேல் எலும்பைப் படியவைக்கின்றன. தட்டு முனையை நோக்கி விலகிக்கொண்டே போக, அதன் பின்னால் எலும்பு நீள்கிறது.

பெருத்த செல்கள் அங்கேயே மடிந்துவிடும் என்றுதான் நான் படித்தேன், கற்பித்தும் வந்தேன். 2014இல் எலிகளில் செல்களை அடையாளமிட்டுப் பின்தொடர்ந்த ஆய்வுகள், அவற்றில் ஒரு பகுதி எலும்பாக்கும் செல்களாகவே மாறுவதைக் காட்டின. பல பாடநூல்கள் இன்னும் பழைய கதையையே சொல்கின்றன. தேர்வில் எழுதும்போது உங்கள் நூல் சொல்வதை எழுதிவிடுங்கள்.

#3 மருதன்

அம்மா, நீளத்துக்குச் சரி. பருமன்? தொடை எலும்பு குழந்தைக்கு விரல் அளவு, பெரியவருக்கு எவ்வளவு தடிமன்! தட்டு பக்கவாட்டில் வளர்கிறதா? அப்புறம் மண்டை ஓட்டில் தட்டே இல்லையே, அது எப்படிப் பெரிதாகிறது?

#4 செங்காந்தள்

பருமனுக்குக் காரணம் எலும்பைப் போர்த்தியிருக்கும் உறை. அதன் உட்பக்கச் செல்கள் எலும்பின் வெளிப்பரப்பில் புதிய அடுக்குகளைச் சேர்த்துக்கொண்டே வருகின்றன. அதே நேரத்தில் உட்பக்கச் சுவரை வேறு செல்கள் கரைக்கின்றன. இரண்டும் சேர்ந்து நடப்பதால்தான் எலும்பு பருத்தாலும் உள்ளே மஜ்ஜைக்குழி அகன்றுகொண்டே போகிறது, எடை கட்டுக்குள் இருக்கிறது. கரைப்பது முதுமையில் வரும் கோளாறு என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். கரைப்பு இல்லாவிட்டால் குழந்தையின் எலும்பு உருவமே பெறாது.

இதையும் பழைய ஆய்வு ஒன்றிலிருந்தே பார்க்கலாம். மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேர்ச்சாயம் கலந்த தீனியைத் தின்ற பன்றிகளின் எலும்பு சிவந்திருப்பதை ஜான் பெல்சியர் என்ற அறுவை மருத்துவர் 1736இல் எழுதினார். சாயம் ஏறுவது அப்போது புதிதாகப் படியும் எலும்பில் மட்டும். சாயத்தைச் சில காலம் கொடுத்து, பிறகு நிறுத்திப் பார்த்தால், சிவப்பு வளையத்தின்மேல் வெள்ளை வளையம். பின்னால் வந்தவர்கள், ஜான் ஹன்டர் உட்பட, இதை வைத்தே எங்கே சேர்கிறது, எங்கே கரைகிறது என்று வரைந்துவிட்டார்கள். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட இன்னும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது!

மண்டை ஓட்டின் கூரை எலும்புகள் குருத்தெலும்பு வழியாக வருவதில்லை. சவ்வு போன்ற திசுவிலேயே செல்கள் கூடி, நேராக எலும்பாகிவிடுகின்றன. எலும்புகளுக்கு இடையிலான இணைப்புக் கோடுகளின் ஓரங்களில் வளர்ச்சி நடக்கிறது. மூளை பெரிதாகப் பெரிதாக அது தரும் இழுவிசைக்கு ஏற்ப ஓரங்களில் எலும்பு சேர்கிறது. குழந்தையின் உச்சிக்குழி என்பது அந்த எலும்புகள் இன்னும் சந்திக்காத இடம்தான். பின்பக்கத்துச் சிறு குழி இரண்டு மூன்று மாதங்களிலும், முன்பக்கத்துப் பெரிய குழி பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வயதுக்குள்ளும் மூடிவிடும். ஆனால் மண்டை ஓட்டின் அடித்தளம் குருத்தெலும்பு வழியில் வந்ததுதான். முழு மண்டையையும் ஒரே வகையில் அடைக்காதீர்கள்.

தோளையும் மார்பெலும்பையும் இணைக்கும் காறை எலும்பு ஒரு வேடிக்கை. நீள எலும்பாக இருந்தும் பெரும்பகுதி சவ்வு வழியில் உருவாகிறது. உடலிலேயே முதலில் எலும்பாகத் தொடங்குவதும் அதுதான், கருவின் ஐந்து ஆறாம் வாரத்தில். அதன் மார்புப் பக்க முனை இணைவதோ இருபதுகளின் நடுவில் அல்லது அதற்கும் பிறகு, எல்லாவற்றுக்கும் கடைசியாக. எலும்பைப் பார்த்து வயதைக் கணிக்கும் தடயவியலாளர்களுக்கு அதனால் அது மிகவும் பயன்படுகிறது.

#5 வினாக்குறி

மிக்க நன்றி அம்மா. மூன்றாவது கேள்வி விட்டுப்போயிற்று. கூடவே, எலும்பு வகைகள் ஐந்து என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள்: நீளமானவை, குட்டையானவை, தட்டையானவை, ஒழுங்கற்றவை, எள்வடிவானவை. இதில் விரல் எலும்பை நீள எலும்பு என்று போட்டிருக்கிறது. அச்சுப் பிழையா?

#6 இயன்முறையாளன்

பிழை இல்லை தம்பி. நீள எலும்பு என்றால் பெரிய எலும்பு என்று பொருள் கொள்ள வேண்டாம். அகலத்தைவிட நீளம் கூடுதலாகவும், தண்டும் இரண்டு முனைகளும் உள்ளதாகவும் இருந்தால் அது நீள எலும்பு. தொடை எலும்பும் சுண்டுவிரலின் சிற்றெலும்பும் ஒரே வகுப்பில் உட்காருவது அதனால்தான். மணிக்கட்டில் இருப்பவை குட்டை எலும்புகள், விலா தட்டை எலும்பு, முள்ளெலும்பு ஒழுங்கற்றது. முழங்கால் சில்லு தசைநாணுக்குள் பதிந்திருக்கும் எள்வடிவ எலும்பு. அந்த வகையில் மிகப் பெரியதும் அதுவே. பிறக்கும்போது அது வெறும் குருத்தெலும்பு; எலும்பாவது மூன்று முதல் ஆறு வயதுக்குள்.

என்னைக் கேட்டால் இந்த ஐந்து வகைப் பட்டியல் தேர்வுக்குத்தான் உதவும். "ஒழுங்கற்றது" என்பது வேறெதிலும் அடங்காதவற்றைக் கொண்டுபோய்ப் போடும் மூலை. நோயாளியின் உடலில் வேறுபாட்டைக் காட்டுவது கெட்டி எலும்பு (அடர்ந்தது), பஞ்சு எலும்பு (உள்ளே வலைபோல் இருப்பது) என்ற பிரிவு. உடலின் எலும்பு நிறையில் ஏறத்தாழ 80 சதவீதம் கெட்டி எலும்பு, 20 சதவீதம் பஞ்சு எலும்பு. ஆனால் பஞ்சு எலும்பின் வலைப்பின்னலுக்குப் பரப்பு மிக அதிகம். செல்கள் வேலை செய்வது பரப்பில்தானே? அதனால் அங்கே புதுப்பிப்பும் வேகம், இழப்பும் வேகம். எலும்புப்புரை (எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் உடையும் நோய்) முதலில் முதுகெலும்பையும் மணிக்கட்டையும் இடுப்பையும் தாக்குவதற்குக் காரணம் அதுதான். அந்த இடங்களில் பஞ்சு எலும்பு அதிகம்.

300, 206 கணக்கைப் பொறுத்தவரை எதுவும் காணாமல் போகவில்லை, இணைந்துவிட்டன. இடுப்பின் பின்பக்கத்தில் தனித்தனியாக இருந்த ஐந்து முள்ளெலும்புகள் சேர்ந்து ஒரே திரிக எலும்பாகின்றன. இடுப்பெலும்பு ஒவ்வொன்றும் மூன்று எலும்புகள் கிண்ணக்குழியில் (தொடை எலும்பின் தலை பொருந்தும் குழியில்) கூடி ஒன்றானது. நெற்றி எலும்பு பிறக்கும்போது இரண்டு பாதிகள். அந்த 300 என்பதையும் கண்டிப்பான எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எதை ஒரு துண்டு என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து 270 என்றும் எழுதுவார்கள். 206கூட எல்லோருக்கும் பொருந்தாது. சிலருக்குக் கூடுதல் விலா இருக்கும், சிலருக்குக் காலில் கூடுதலாகச் சிறு எலும்புகள் இருக்கும்.

#7 நெடுமரம்

எல்லாம் நன்றாக விளக்குகிறீர்கள். நேரடியாகக் கேட்கிறேன். எனக்கு 22 வயது. உயரம் போதவில்லை என்ற குறை உண்டு. கம்பியில் தொங்கும் பயிற்சியும் ஒரு சத்துமாவும் எடுத்துக்கொள்கிறேன். பயிற்சி முடிந்ததும் அளந்தால் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. தட்டு மூடிவிட்டால் வளர முடியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியானால் இது என்ன?

#8 இயன்முறையாளன்

அதற்குக் காரணம் முள்ளெலும்புகளுக்கு இடையிலான மெத்தை போன்ற வட்டுகள். பகல் முழுவதும் உடல் எடை அழுத்தி அவற்றிலிருந்து நீர் வெளியேறுகிறது. படுத்தால் மீண்டும் ஊறுகிறது. எவரும் காலையில் இருப்பதைவிட மாலையில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குட்டையாக இருப்பார்கள். தொங்கினாலும் அதே விளைவுதான். அன்று மாலையே அளந்து பாருங்கள், கூடியது இறங்கியிருக்கும். தொங்குவது தோளுக்கும் கைப்பிடிமானத்துக்கும் நல்லது, விட்டுவிடச் சொல்லவில்லை. எலும்பு மட்டும் ஒரு மில்லிமீட்டர்கூட நீளவில்லை.

#9 செங்காந்தள்

நெடுமரம், தட்டு ஏன் மூடுகிறது என்று தெரிந்தால் மாவு விற்பவர்களிடம் ஏமாற மாட்டீர்கள். பருவ வயதில் பாலின ஹார்மோன்கள் முதலில் வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டி ஒரு துள்ளலைத் தருகின்றன. பெண்களுக்கு அதன் உச்சம் ஏறத்தாழ 12 வயதில், ஆண்களுக்கு 14 வயதில். பிறகு அதே ஹார்மோன்களே தட்டை மூடவும் செய்கின்றன. மூடும் வேலையைச் செய்வது பெண் ஹார்மோன் என்று சொல்லப்படும் ஈஸ்ட்ரோஜன், ஆண்களிலும் அதுவேதான். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன் உடலில் ஈஸ்ட்ரோஜனாக மாற்றப்படுகிறது.

இதற்குச் சான்று 1994இல் வந்தது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் (செல்லில் அந்த ஹார்மோனை உணரும் புரதத்தில்) மரபணுப் பிறழ்வு உள்ள 28 வயது ஆண் ஒருவரைப் பற்றிய மருத்துவ அறிக்கை. உயரம் 204 சென்டிமீட்டர். டெஸ்டோஸ்டீரோன் இயல்பான அளவில் இருந்தது. ஆனாலும் தட்டுகள் மூடவில்லை, இன்னும் மெல்ல வளர்ந்துகொண்டிருந்தார். இன்னொன்றையும் கவனியுங்கள்: அவருடைய எலும்பின் அடர்த்தி மிகக் குறைவாக இருந்தது. ஆண் எலும்புக்கும் ஈஸ்ட்ரோஜன் தேவை என்பது அப்போதுதான் தெளிவானது.

தட்டு மூடுவது என்றால் கதவு சாத்துவதன்று. அங்கிருந்த குருத்தெலும்புச் செல்கள் தீர்ந்துபோய், தண்டும் முனையும் எலும்பால் இணைந்துவிடுகின்றன. பிரிவதற்கு இனி செல்லே இல்லை. இல்லாத செல்லுக்கு எந்த மாவைக் கொடுத்து என்ன பயன்?

#10 நெடுமரம்

என் உறவினர் ஒருவர் 19 வயதுக்கு மேல் நன்றாக வளர்ந்தார். கண்ணால் பார்த்தேன்.

#11 செங்காந்தள்

பார்த்திருப்பீர்கள், மறுக்கவில்லை. பிறந்தநாள் வயதும் எலும்பின் வயதும் ஒன்றாகவே ஓட வேண்டும் என்பதில்லை. பருவமடைவது தாமதமானால் தட்டும் தாமதமாக மூடும். இடது கையையும் மணிக்கட்டையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அதற்காகத்தான். அந்தச் சிறிய இடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட எலும்புகளின் நிலையை ஒரே படத்தில் காணலாம். தட்டு திறந்திருந்தால் வளர்ச்சி மிச்சம் இருக்கிறது. 22 வயதில் ஐயம் இருந்தால் மருத்துவர் சொல்லட்டும். மாவு டப்பாவின்மேல் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம்.

#12 மருதன்

அறுவை சிகிச்சையால் காலை நீட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேனே?

#13 இயன்முறையாளன்

உண்மை. ஆனால் அது வளர்ச்சித் தட்டின் வழி அன்று. முறிவு ஆறும் வழி. சோவியத் நாட்டில், சைபீரியாவின் கூர்கான் நகரில் பணிபுரிந்த கவ்ரீல் இலிசாரோவ் 1950களில் வளர்த்தெடுத்த முறை. எலும்பை வெட்டி, வெளிச்சட்டத்தால் பிடித்து, சில நாள் விட்டு, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் பிரிப்பார்கள். இடைவெளியில் புதிய எலும்பு உருவாகும். வேகமாகப் பிரித்தால் எலும்பு சேராது, மெதுவாகப் பிரித்தால் சீக்கிரமே ஒட்டிவிடும். நரம்பும் தசையும் இரத்தக் குழாயும் கூடவே நீள வேண்டும். வலி, தொற்று, மூட்டு இறுக்கம் எல்லாம் உண்டு, மாதக்கணக்கில் பயிற்சியும் உண்டு. ஒரு கால் குட்டையாகப் பிறந்த குழந்தைக்கு அது பெரும் வரம். அழகுக்காகச் செய்துகொண்டு வந்தவர்களுக்கு நான் நடை பழக்கியிருக்கிறேன். இவ்வளவுதான் சொல்வேன்.

#14 ஆய்வகப்பூனை

தாமதமாக வந்தேன். வினாக்குறியின் இரண்டாம் கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். உயரம் பற்றிய பேச்சு வந்தால் விவாதம் அங்கேயே சுற்றும்.

நீளம் நிற்பது வேறு, புதுப்பிப்பு வேறு. நீளம் தட்டோடு முடிகிறது. புதுப்பிப்பு சாகும்வரை நடக்கிறது; பெரியவர் ஒருவரின் எலும்புத் தொகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் மாற்றப்படுகிறது. போக்குவரத்தை நிறுத்தாமலே சாலையைப் பகுதி பகுதியாகத் தோண்டிச் செப்பனிடுவதைப் போன்ற வேலை. அதைச் செய்யும் செல்களைப் பார்ப்போம்.

கரைக்கும் செல் ஆஸ்டியோகிளாஸ்ட். பல உட்கருக்களைக் கொண்ட பெரிய செல். எலும்பின்மேல் ஒட்டி, தன் விளிம்பை முத்திரையிட்டதைப் போல அடைத்துக்கொண்டு, அந்த மூடிய இடத்துக்குள் அமிலத்தைச் சுரக்கிறது, தாது கரைகிறது. பிறகு கேத்தெப்சின் கே என்ற நொதி, எலும்பின் நார்ப்புரதமான கொலாஜனைச் சிதைக்கிறது. மிஞ்சுவது ஒரு சிறு குழி. ஆக்கும் செல் ஆஸ்டியோபிளாஸ்ட். அது குழியில் முதலில் கொலாஜன் நிறைந்த, தாது ஏறாத மென்பொருளை இடுகிறது. சில நாள் கழித்து அதில் தாது படிகிறது. தோண்டுவதற்குச் சில வாரங்கள், நிரப்புவதற்குச் சில மாதங்கள். இந்தக் கால வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், முதுமையைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இரண்டும் ஒரே குடும்பம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆக்கும் செல் இணைப்புத்திசுவின் மூலச்செல்லிலிருந்து வருகிறது. கரைக்கும் செல் இரத்தத்தை உருவாக்கும் மூலச்செல்லிலிருந்து, வெள்ளணுக்களின் கிளையில் வருகிறது. ஆஸ்டியோபெட்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் கரைப்பு நடக்காமல் எலும்பு அடைத்துப்போகும்; மஜ்ஜைக்கு இடமில்லாமல் இரத்தசோகை வரும். அவ்வளவு அடர்த்தியாக இருந்தும் அந்த எலும்பு எளிதில் உடையும். அதன் கடுமையான வடிவங்கள் பலவற்றுக்கு மருத்துவம் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை. எலும்பு நோய்க்கு இரத்த மூலச்செல்லைக் கொடுத்தால் குணமாகிறது என்றால், கரைக்கும் செல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது: ஆஸ்டியோசைட். எலும்பை இட்டுக்கொண்டே போகும் ஆக்கும் செல்களில் சில, தாம் இட்ட எலும்புக்குள்ளேயே சிக்கிவிடுகின்றன. வளர்ந்தவரின் எலும்புச் செல்களில் 90 சதவீதத்துக்கு மேல் இவைதான். ஒவ்வொன்றும் நுண்கால்வாய்கள் வழியே கைகளை நீட்டி அண்டைச் செல்களைத் தொட்டுக்கொண்டிருக்கும். கரைக்கும் செல் வாரக்கணக்கில் வாழும், ஆக்கும் செல் மாதக்கணக்கில். ஆஸ்டியோசைட் ஆண்டுக்கணக்கில் வாழும். நான் படித்த காலத்தில் "முதிர்ந்த செல், எலும்பைப் பராமரிக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

#15 வினாக்குறி

எங்கள் குறிப்பிலும் அந்த ஒரே வரிதான் இருக்கிறது! அது வேறென்ன செய்கிறது?

#16 ஆய்வகப்பூனை

கட்டளை இடுகிறது. நடக்கும்போது எலும்பு மிகச் சிறிதளவு வளைகிறது. நுண்கால்வாய்களில் நீர்மம் ஓடுகிறது. அதை ஆஸ்டியோசைட் உணர்கிறது. சுமை இல்லாத இடத்தில் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தை அதிகம் சுரக்கிறது. அது ஆக்கும் செல்லைத் தடுக்கிறது. சுமை கூடினால் அந்தப் புரதம் குறைகிறது, தடை விலகுகிறது. பிறவியிலேயே ஸ்கிளிரோஸ்டின் இல்லாதவர்களுக்கு எலும்பு வாழ்நாள் முழுவதும் தடித்துக்கொண்டே போகும். அந்த அரிய நோயை ஆராய்ந்ததன் பயனாக, இந்தப் புரதத்தை முடக்கும் ரோமோசோசுமாப் என்ற எலும்புப்புரை மருந்து 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

கரைக்கும் செல் உருவாக ரேங்க்எல் என்ற சமிக்ஞைப் புரதம் தேவை. அதைக் கொடுப்பவை ஆக்கும் செல் வரிசையைச் சேர்ந்தவை, முக்கியமாக ஆஸ்டியோசைட். அவையே ஆஸ்டியோபுரோட்டெகரின் என்ற பொறிப் புரதத்தையும் சுரந்து அந்தச் சமிக்ஞையைப் பிடித்துக்கொள்ளவும் செய்யும். எங்கே, எவ்வளவு கரைப்பது என்பது இந்த இரண்டின் விகிதத்தைப் பொறுத்தது.

இதில் ஒரு புதிர்: கழுத்தில் உள்ள இணைத்தைராய்டு சுரப்பிகளின் ஹார்மோன் இரத்தத்தில் எப்போதும் மிகுந்திருந்தால் எலும்பு கரைகிறது. அதே ஹார்மோனின் ஒரு பகுதியை நாளுக்கு ஒருமுறை ஊசியாகப் போட்டால் எலும்பு கூடுகிறது, மருந்தாகவே பயன்படுகிறது. பொருள் ஒன்று, கொடுக்கும் தாளம் வேறு. தேர்வில் இதைக் கேட்டால் நான் மகிழ்வேன். மாணவர்கள் மகிழ மாட்டார்கள்.

#17 மருதன்

எல்லாம் சரி. இவ்வளவு புரதங்களின் பெயர் எதற்கு? எலும்பு என்றால் கால்சியம். கால்சியம் மாத்திரையைத் தொடர்ந்து எடுத்தால் எலும்பு உறுதியாக இருக்கும். இதுதானே காலங்காலமாகச் சொல்வது?

#18 ஆய்வகப்பூனை

மருதன், ஒரு கோழி எலும்பை வினிகரில் சில நாள் ஊறவையுங்கள். தாது கரைந்துபோகும், எலும்பு உருவம் மாறாமல் வளையும். இன்னொன்றைத் தீயில் சுடுங்கள். கொலாஜன் எரிந்துபோகும், உருவம் அப்படியே இருக்கும், கையால் நசுக்கினால் நொறுங்கும். கால்சியம் மட்டுமே எலும்பு என்றால் சுட்ட எலும்புதான் உறுதியாக இருக்க வேண்டும். எடையில் மூன்றில் இரண்டு பங்கு தாது. மீதியில் பெரும்பகுதி கொலாஜன், கொஞ்சம் நீர். அழுத்தத்தைத் தாது தாங்குகிறது, இழுவிசையைக் கொலாஜன் தாங்குகிறது.

#19 இயன்முறையாளன்

கால்சியம் குறையக் கூடாது; அதில் கருத்து வேறுபாடு இல்லை. உடலின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. உணவில் போதாவிட்டால் இரத்தத்துக்குத் தேவையானதை உடல் எலும்பிலிருந்துதான் எடுக்கும். ஆனால் போதுமான அளவு கிடைப்பவருக்கு மேலும் மேலும் கொட்டினால் எலும்பும் கூடிக்கொண்டே போகும் என்பது நடக்காத காரியம். எங்கே படிய வேண்டும் என்று சொல்வது சுமை. விண்வெளி நிலையத்தில் உடற்பயிற்சி போதாத காலத்தில் வீரர்கள் இடுப்புப் பகுதி எலும்பில் மாதத்துக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 சதவீதம் வரை இழந்தார்கள். அவர்களுக்குச் சத்துணவுக்கு என்ன குறை? சிறு வயதிலிருந்து டென்னிஸ் ஆடுபவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மட்டையைப் பிடிக்கும் கையின் எலும்பு மறுகையைவிடத் தடித்திருக்கும். இரண்டு கைக்கும் ஒரே இரத்தம், ஒரே உணவு, ஒரே மாத்திரை.

#20 செங்காந்தள்

வைட்டமின் டி குறைபாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், தட்டோடு தொடர்பு உண்டு. குழந்தைக்கு அது குறைந்தால் தட்டின் கீழ்ப்பகுதியில் தாது ஏறுவதில்லை. பெருத்த செல்கள் விலகாமல் குவிகின்றன. தட்டு தடித்து அகலமாகிறது. மணிக்கட்டு வீங்கித் தெரிவதும், நடக்கத் தொடங்கியதும் கால் வளைவதும் அதனால். அது ரிக்கெட்ஸ். தட்டு மூடிய பெரியவருக்கு அதே குறைபாடு வந்தால் ரிக்கெட்ஸ் வராது, புதுப்பிப்பில் இடப்படும் எலும்பு தாது ஏறாமல் மென்மையாகும். காரணம் ஒன்று, தட்டு இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து நோய் வேறு முகம் காட்டுகிறது.

#21 வினாக்குறி

அப்படியானால் முதுமையில் எலும்பு தேய்வது? ஆய்வகப்பூனை ஐயா பிறகு சொல்வதாகச் சொன்னீர்கள்.

#22 ஆய்வகப்பூனை

தோண்டுவது வாரங்கள், நிரப்புவது மாதங்கள் என்றேன் அல்லவா? எலும்பு நிறையின் உச்சம் இருபதுகளின் கடைசியில் வந்துவிடுகிறது. அதன் பிறகு ஒவ்வொரு சுழற்சியிலும் தோண்டியதைவிடச் சற்றே குறைவாக நிரப்பப்படுகிறது. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, கரைக்கும் செல்கள் கூடுதலாக உருவாகி நீண்ட நாள் வாழ்கின்றன. ஒரே நேரத்தில் பல இடங்களில் தோண்டல் தொடங்கிவிடுகிறது. நிரப்புதலும் கூடத்தான் செய்கிறது, ஆனால் ஈடு கொடுக்க முடிவதில்லை. பஞ்சு எலும்பின் மெல்லிய கம்பிகள் நடுவில் அறுந்துவிட்டால், மறுபடி படிய அங்கே பரப்பே இருக்காது. அதனால்தான் இழந்ததைத் திரும்பப் பெறுவது இழக்காமல் காப்பதைவிடக் கடினம்.

#23 இளந்தளிர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு 11 வயது. விளையாடும்போது கையை ஊன்றி விழுந்தான். எக்ஸ்ரேயில் மணிக்கட்டுக்கு மேலே ஒரு கருங்கோடு குறுக்கே போகிறது. எனக்கு உயிரே போய்விட்டது. மருத்துவர் அது முறிவன்று, வளர்ச்சித் தட்டு என்றார். ஆனாலும் மாவுக்கட்டு போட்டிருக்கிறார். முறிவு இல்லையென்றால் கட்டு எதற்கு? மூன்று மாதம் கழித்து மறுபடி எக்ஸ்ரே வேண்டும் என்றும் சொல்கிறார்.

#24 இயன்முறையாளன்

அம்மா, கோட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குருத்தெலும்பில் தாது இல்லாததால் அது எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரியும். அந்த வயதில் எல்லாக் குழந்தைக்கும் அந்தக் கோடு இருக்கும்.

கட்டுக்குக் காரணம் உண்டு. பெரியவர் விழுந்தால் எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் கிழிந்து சுளுக்கும் இடத்தில், குழந்தைக்குத் தட்டு விலகிவிடும். அந்த வயதில் தசைநாரைவிடத் தட்டு வலுக்குறைவானது. தட்டுக் காயங்களை சால்டர், ஹாரிஸ் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் 1963இல் ஐந்து வகையாகப் பிரித்தார்கள். இன்றும் அதுதான் நடைமுறையில் இருக்கிறது. முதல் வகையில் முறிவு தட்டுக்குள்ளேயே போகிறது. எலும்பு உடையாததால், விலகல் இல்லாவிட்டால் எக்ஸ்ரே இயல்பாகவே தோன்றலாம். அழுத்தினால் தட்டின்மேல் வலிக்கிறதா என்பதை வைத்தே அதை ஐயப்படுவார்கள். உங்கள் மருத்துவர் படத்தை மட்டும் பார்க்காமல் கையையும் தொட்டுப் பார்த்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

#25 இளந்தளிர்

ஆமாம், அழுத்தியபோது அங்கேதான் கத்தினான். மூன்று மாதம் கழித்து எதைப் பார்ப்பார்கள்? கை வளராமல் போய்விடுமா?

#26 செங்காந்தள்

பெரும்பாலும் எதுவும் ஆகாது. முதல் இரண்டு வகைகளில் காயம் பொதுவாகத் தட்டின் பெருத்த செல்கள் இருக்கும் பகுதியில் ஓடும். பிரியும் செல்கள் முனைப் பக்கம் பத்திரமாக இருக்கும். முன்கையின் நீளத்தில் பெரும்பகுதி மணிக்கட்டுப் பக்கத் தட்டுகளில்தான் நடப்பதால், அங்கே சற்றுக் கோணல் இருந்தாலும் வளர வளர நிமிர்ந்துவிடும். தட்டைக் குறுக்கே பிளக்கும் வகைகளிலும் நசுக்கும் வகையிலும்தான் கூடுதல் எச்சரிக்கை தேவை. காயம் ஆறும்போது தட்டின் குறுக்கே ஓர் எலும்புப் பாலம் உருவாகிவிட்டால், அந்த இடம் நின்றுபோய் மற்ற இடம் வளரும். எலும்பு ஒரு பக்கமாகச் சாயும்.

மூன்று மாதம் கழித்து அவர் தேடுவது இதைத்தான். காயம் பட்டபோது வளர்ச்சி சில நாள் தணிந்து, பிறகு மீண்டும் தொடங்கும். தணிந்த இடம் எக்ஸ்ரேயில் மெல்லிய வெண்கோடாகப் பதிந்திருக்கும். அந்தக் கோடு தட்டுக்கு இணையாக, ஒரே இடைவெளியில் விலகி நின்றால் தட்டு முழுவதும் சமமாக வளர்கிறது. கோடு சாய்ந்து ஓர் ஓரத்தில் தட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால், பாலம் அங்கே இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அந்த நாளைத் தவறவிடாமல் போய்வாருங்கள்.